ஒரு கப் மாம்பழம் 250 கிராமா? இரண்டு ஈடு ஜாம் கெட்ட கதை

போன மாம்பழ சீசனில், ஜூன் கடைசி வாரம், கிருஷ்ணகிரியிலிருந்து அண்ணி போன் செய்தார். குரலே சரியில்லை. "முப்பத்தெட்டு பாட்டில்மா. மூடியைத் திறந்தா வெள்ளையா பூசணம். நாலு பாட்டில்ல நுரை பொங்கி வழியுது." அடுத்த வாக்கியத்திலேயே குற்றவாளியும் தயார். பாட்டில் கழுவிக் கொடுத்த எதிர்வீட்டுப் பெண், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருப்பவள், சரியாகக் காயவைக்கவில்லையாம்.

"அப்புறம் ரெண்டாவது ஈடு போட்டேன். இந்தத் தடவை பாட்டிலை நானே வெயில்ல காயவெச்சேன். அதுல பூசணம் இல்ல. ஆனா கரண்டியை விட்டா நறநறன்னு இருக்கு. கல்கண்டு மாதிரி."

ஒரே குறிப்பு, ஒரே ஊர்ப் பழம், ஒரே பாத்திரம். முதல் ஈடு தண்ணீராகி ஊசிப்போனது. இரண்டாவது சர்க்கரை பூத்துப்போனது. நேரெதிரான இரண்டு கேடுகள். பாட்டில் கழுவியதில் குறை என்றால் முதல் கேடு வரும், இரண்டாவது வராது. அதனால் அந்தப் பெண் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பழக்கூழ் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் சில வருஷம் வேலை பார்த்த பழக்கம், சர்க்கரைச் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

குறிப்பு வந்த வழி

டெக்சாஸில் இருக்கும் அண்ணியின் மகள் அனுப்பிய குறிப்பு அது. நறுக்கிய மாம்பழம் 6 கப், சர்க்கரை 3 கப், எலுமிச்சைச் சாறு கால் கப். அண்ணி கடையில் வாங்கிய 240 மில்லி அளவுக் கப்பை வைத்து மூன்று நான்கு முறை செய்து பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் நான்கரை பாட்டில் வந்தது. நான் சாப்பிட்டிருக்கிறேன், அருமையான ஜாம். தெருவில் எல்லோரும் கேட்கவே, ஐந்து மடங்காகச் செய்து விற்கலாம் என்று முடிவு. 30 கப் மாம்பழத்தைக் கப்பால் அளந்துகொண்டிருக்க முடியுமா? தராசுதான் வசதி. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாளில் "1 கப் = 250 கிராம்" என்று இருந்தது. பெருக்கிவிட்டார். மாம்பழம் ஏழரை கிலோ, சர்க்கரை 3 கிலோ 750 கிராம். எலுமிச்சைச் சாறு மட்டும் கப்பாலேயே, ஒண்ணேகால் கப்.

அந்தத் தாளை எழுதியவரை நான் திட்டப் போவதில்லை. தண்ணீருக்கு அது ஏறக்குறைய சரி, பாலுக்குச் சரி. மாம்பழத்துக்கே ஒருவகையில் சரிதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

பாட்டிலே சொன்ன சாட்சி

மிச்சமிருந்த முதல் ஈட்டுப் பாட்டில் ஒன்றைத் தராசில் வைத்தேன். காலிப் பாட்டிலின் எடையைக் கழித்தால் உள்ளே 238 கிராம். லேபிளில் 250 என்று அச்சடித்திருந்தது. கழுத்து வரை நிரப்பியும் 12 கிராம் குறைகிறது. (எடையளவு ஆய்வாளர் கண்ணில் பட்டிருந்தால் அதற்கே தனியாக வம்பு.) இரண்டாவது ஈட்டுப் பாட்டிலில் 260. பாட்டில் அதே பாட்டில், நிரப்பிய அளவும் அதே அளவு. எடை மாறினால் அடர்த்தி மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஜாமில் அடர்த்தி மாறினால் சர்க்கரைக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் மாறியிருக்கிறது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். முதல் ஈடு 55 பிரிக்ஸ், இரண்டாவது 75. அதாவது நூறு கிராமில் கரைந்த திடப்பொருள் முதலாவதில் 55 கிராம், இரண்டாவதில் 75.

ஜாம் நிற்கவேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவில். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் ஜாமில் கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 சதவீதம் இருக்கவேண்டும் என்கின்றன. பழம் எடையில் 45 சதவீதத்துக்குக் குறையக்கூடாது (ஸ்ட்ராபெரி, ராஸ்பெரிக்கு மட்டும் 25). சட்டம் கப் கணக்கு பேசுவதே இல்லை, எல்லாம் எடைதான். 65-க்குக் கீழே போகப்போக, சர்க்கரை பிடித்துவைக்க முடியாத தண்ணீர் மிச்சமாகி, ஈஸ்ட்டும் பூசணமும் குடியேறும். 70-ஐத் தாண்டினால் கரைந்த சர்க்கரை மறுபடி படிகமாக வெளியே வரத் தொடங்கும்.

கப்பும் தராசும்

அன்று சாயங்காலம் அண்ணியின் சமையலறை மேடையில் ஒரு கிளிமூக்கு மாம்பழத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அதே 240 மில்லி கப். பெரிய துண்டாக, கட்டைவிரல் நுனி அளவுக்கு நறுக்கிப் போட்டு, தலை தட்டி எடை பார்த்தால் 158 கிராம். சின்னத் துண்டாக நறுக்கினால் 170. கப்பை மேடையில் நாலு தட்டு தட்டி இறக்கிப் போட்டால் 180-க்குப் பக்கம். அதே பழத்தை மிக்ஸியில் அடித்துக் கூழாக ஊற்றினால் 251.

அண்ணி அந்த 251-ஐப் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தார். தாள் பொய் சொல்லவில்லை. அது கூழின் கணக்கு. குறிப்பு கேட்டது துண்டை.

துண்டுக்கும் கூழுக்கும் நடுவில் காணாமல் போன 80, 90 கிராம் என்ன? காற்று. ஒரு கப் மாம்பழத் துண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காற்றுதான். இதில் மாம்பழத்தின் தனிக்குணம் எதுவும் இல்லை. ஒரே அளவுக் கோலிக்குண்டுகளை ஒரு டப்பாவில் கொட்டிக் குலுக்கினாலும் டப்பாவின் கொள்ளளவில் சுமார் 64 சதவீதம்தான் குண்டு, மீதி இடைவெளி. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் ஒரு கப் மாம்பழத் துண்டு 165 கிராம், அன்னாசித் துண்டும் 165 கிராம். வாழைப்பழம் வட்டமாக நறுக்கினால் 150, மசித்தால் 225. பப்பாளி துண்டு 145, மசித்தது 230. ஸ்ட்ராபெரி முழுசாகப் போட்டால் 144, நறுக்கினால் 166, கூழாக்கினால் 232. எந்தப் பழமானாலும் துண்டு நூற்றைம்பதை ஒட்டி நிற்கும், கூழ் இருநூற்று முப்பதைத் தொடும். பழத்தின் பெயரைவிடக் கத்தியின் வேலைதான் அதிகம் பேசுகிறது.

விதிவிலக்கும் உண்டு, பழத்துக்கு உள்ளேயே காற்று இருந்தால். ஆப்பிளைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதன் சதைக்குள் நுண்ணிய காற்றறைகள். அதனால்தான் ஒரு கப் நறுக்கிய ஆப்பிள் 125 கிராமோடு நின்றுவிடுகிறது. ராஸ்பெரி நடுவில் குழிந்த பழம், 123. மாதுளை முத்துக்கள் நேர்மாறு, சின்னதாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் நெருக்கி உட்கார்ந்து 174 வரை போகும்.

சர்க்கரையையும் அளந்தோம். தலை தட்டிய கப் 204 கிராம். பட்டியல்களில் 200 என்றிருக்கும். சர்க்கரை யார் அளந்தாலும் பெரிதாக மாறாது. மணியின் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான்.

தலை தட்டுவது என்ற சொல்லை நான் வேண்டுமென்றுதான் எழுதுகிறேன். படியால் அளந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. குவித்து அளந்தால் ஒரு கணக்கு, தலை தட்டி அளந்தால் ஒரு கணக்கு என்று நெல் களத்திலேயே தெரியும். படியைக் குலுக்கி அளந்தாரா, குலுக்காமல் அளந்தாரா என்று சண்டை வந்ததும் உண்டு. அமெரிக்கச் சமையலறையில் இந்த ஒழுங்கைப் பரப்பியவர் பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர். 1896-ல் அவர் வெளியிட்ட சமையல் நூலில் கப்பானாலும் ஸ்பூனானாலும் தலை தட்டியே அளக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். மாவுக்கும் சர்க்கரைக்கும் அது போதும். பழத்துண்டைத் தலை தட்டுவது எப்படி? ஒரு துண்டு விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், பக்கத்தில் ஒரு குழி இருக்கும்.

இதோடு கப் என்ற சொல்லுக்கே ஊருக்கு ஓர் அளவு. அமெரிக்காவில் 236.6 மில்லி, அங்கேயே உணவு லேபிளுக்கு 240. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் எத்தனை மில்லி என்பது அதைச் சீர் கொடுத்தவருக்குத்தான் வெளிச்சம். ஆனால் அண்ணியின் விஷயத்தில் கப்பின் அளவு காரணமில்லை. கப்பாலேயே செய்தவரை எல்லாம் சரியாக வந்ததே. எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளக்கும்வரை கப்பு பெரிதோ சிறிதோ, விகிதம் கெடாது. அளவு முறையை நடுவில் மாற்றும்போதுதான் கெடும்.

முதல் ஈட்டின் கணக்கு

குறிப்பு உண்மையில் கேட்டது: 6 கப் துண்டு 990 கிராம், 3 கப் சர்க்கரை 600 கிராம். ஒரு கிலோ பழத்துக்கு 600 கிராம் சர்க்கரை. ஐந்து மடங்கு என்றால் பழம் சுமார் 5 கிலோ, சர்க்கரை 3 கிலோ.

அண்ணி போட்டது பழம் ஏழரை, சர்க்கரை மூன்றே முக்கால். இரண்டுமே அதிகம், ஆனால் ஒரே அளவில் அதிகமில்லை. பழம் பாதிக்குப் பாதி கூடிவிட்டது, சர்க்கரை கால்பங்குதான் கூடியது. கிலோவுக்கு 600 என்பது 500 ஆகிவிட்டது. ஒரே தவறான எண்ணால் இரண்டையும் பெருக்கினால் விகிதம் தப்பிக்கும் என்று தோன்றும்; அண்ணியும் அப்படித்தான் சொன்னார். தப்பிக்காது, ஏனென்றால் 250 என்ற எண் சர்க்கரைக்குக் கொஞ்சமாகத் தப்பு, துண்டுக்கு ரொம்பத் தப்பு.

இதில் ஆவியாக வேண்டிய தண்ணீரைப் பாருங்கள். மாம்பழத்தில் 16 சதவீதம் திடப்பொருள் என்று வைத்துக்கொண்டால், சரியான ஐந்து மடங்கில் உள்ளே போவது எட்டேகால் கிலோ, 66 பிரிக்ஸில் வெளியே வரவேண்டியது 5.8 கிலோ. இரண்டரை கிலோ தண்ணீர் போகவேண்டும். அண்ணியின் பாத்திரத்துக்குள் போனது 11 கிலோ 550 கிராம். அது 66-க்கு வர 4 கிலோ தண்ணீர் போகவேண்டும். அவர் இரண்டு மணி நேரம் கிளறியிருக்கிறார், கை விட்டுப்போயிருக்கிறது. "தட்டுல விட்டுப் பார்த்தேன், ஓடலையே" என்றார். ஓடாது. பழச்சதை அதிகமிருந்ததால் நாரும் கூழுமாகக் கெட்டியாகத் தெரிந்திருக்கிறது. பார்வைக்குக் கெட்டி, சர்க்கரைக் கணக்கில் நீர்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஏழரைக்கு மூன்றே முக்கால் என்ற விகிதத்திலும் நல்ல ஜாம் வரும், 66 வரை வற்றவிட்டிருந்தால். 30 பாட்டில் கிடைத்திருக்கும். 38 பாட்டில் நிரம்பியது என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ தண்ணீரைக் கூடுதலாகப் பாட்டிலில் அடைத்திருக்கிறார். கப் கணக்கின் பிழை தானாகவே ஜாமைக் கெடுத்துவிடவில்லை. எத்தனை பாட்டில் வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பை அது அழித்துவிட்டது. நான்கரையை ஐந்தால் பெருக்கினால் 23-க்குள்தான். 38 வந்தபோது எச்சரிக்கை மணி அடித்திருக்கவேண்டும். அடிக்கவில்லை, சந்தோஷம்தான் வந்தது. எனக்கும் வந்திருக்கும்.

இரண்டாவது ஈடு

இங்கே தவறு வேறு இடத்தில். முதல் முறை பழத்தைச் சீவி நறுக்கியபின் எடை போட்ட அண்ணி, இரண்டாம் முறை மண்டியிலிருந்து ஏழரை கிலோ எடை போட்டு வாங்கிவந்தார். "அதே ஏழரைதானே?" என்றார் என்னிடம். தோலும் கொட்டையும் போக மிஞ்சிய சதையை அவர் எடை பார்க்கவில்லை. நான் அன்று நாலு கிளிமூக்கைச் சீவிப் பார்த்ததில் நூற்றுக்கு 64 தேறியது. அப்படியானால் பாத்திரத்துக்குள் போன சதை சுமார் 4.8 கிலோ. சர்க்கரை அதே 3.75. கிலோவுக்கு 780 கிராம் வந்துவிட்டது. போதாததற்கு, முதல் ஈடு நீர்த்துப்போன பயத்தில் இன்னும் நன்றாக வற்றட்டும் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே அடுப்பில் வைத்திருந்தார். குறைந்த தண்ணீர், கூடுதல் நேரம். 23 பாட்டில் வந்தது. எண்ணிக்கை குறிப்போடு ஒத்துப்போனதால் அவருக்கு நிம்மதிகூட. உள்ளே 75 பிரிக்ஸ்.

முழுப் பழத்தின் எடைக்கும் சதையின் எடைக்கும் உள்ள வித்தியாசம், கப் குழப்பத்தைவிடப் பெரிய பள்ளம். வாழைப்பழத்தில் மூன்றில் ஒரு பங்கு தோல். அன்னாசியில் கொண்டை, தோல், நடுத்தண்டு போனால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். பலாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். "2 கிலோ அன்னாசி" என்று மட்டும் எழுதிய குறிப்பைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். எந்த 2 கிலோ?

படிகம் பூத்த ஈட்டைக் காப்பாற்ற முடிந்தது. மறுபடி பாத்திரத்தில் கொட்டி, இன்னும் கொஞ்சம் மாம்பழக் கூழும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கொதிக்கவைத்தோம். புளிப்போடு கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பகுதி உடைந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸாக மாறும். அந்தக் கலவை அவ்வளவு சுலபமாகப் படிகமாகாது. நிறம் கறுத்துவிட்டது, அதனால் விற்கவில்லை, வீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். பூசணம் பிடித்ததைக் கொட்டியாயிற்று. மேலே மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடலாமா என்று அண்ணன் கேட்டார். கூடாது.

மூன்றாவது ஈடு

புதுக் குறிப்பை எடையிலேயே எழுதினோம். சீவி நறுக்கிய சதை 1 கிலோ, சர்க்கரை 600 கிராம், எலுமிச்சைச் சாறு 60 கிராம். சாறு விஷயத்தில் மில்லியும் கிராமும் ஏறக்குறைய ஒன்று, அளவுக் கப்பால் ஊற்றினாலும் பாதகமில்லை. ஆனால் "ஒரு எலுமிச்சை" என்று அமெரிக்கக் குறிப்பில் வந்தால் நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையில் குறைந்தது இரண்டு பிழியவேண்டும். அங்கே ஒரு லெமனில் பெரும்பாலும் நாற்பத்தைந்து மில்லி தேறும்.

எப்போது இறக்குவது என்பதற்கும் தராசையே வைத்தோம். 4 கிலோ சதை, 2 கிலோ 400 சர்க்கரை, 240 சாறு, மொத்தம் 6.64 கிலோ. 66 பிரிக்ஸில் அது 4.64 கிலோவாக நிற்கவேண்டும். சரியாக 2 கிலோ குறையவேண்டும். மளிகைக் கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி அடுப்புக்குப் பக்கத்திலேயே போட்டு, காலிப் பாத்திரத்தின் எடையைச் சுவரில் கரியால் எழுதிவைத்தோம். கொதிக்கும் ஜாம் தெறித்தால் கொப்பளித்துவிடும் என்பதால், எடை போடும்போது அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு பேர் பிடித்துத் தூக்கினோம்.

பழம் இனிப்பாக இருந்தால், புளிப்பாக இருந்தால் கணக்கு மாறாதா என்று அண்ணி கேட்டார். நல்ல கேள்வி. மாறும், கொஞ்சம்தான். பழத்தின் திடப்பொருள் 14 ஆனாலும் 18 ஆனாலும் ஒரு கிலோ சதைக்கு ஜாம் 1.13 கிலோவிலிருந்து 1.19 வரைதான் போய்வரும், ஏனென்றால் கரைந்த திடப்பொருளில் பெரும்பகுதி நாம் கொட்டும் சர்க்கரையுடையது. தெர்மாமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: அந்த ஊரில் வெறும் தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறதோ அதைவிட நாலரை, ஐந்து டிகிரி மேலே வந்தால் ஜாம் ஆயிற்று. கடற்கரை ஊருக்கு 105 என்று எழுதியிருப்பதை ஓசூரில் பின்பற்றினால் வற்றிக் கெட்டியாகிவிடும். உயரமான ஊரில் தண்ணீர் முன்னதாகவே கொதிக்கும்.

18 பாட்டில் நிரம்பியது, ஒரு கிண்ணத்தில் மிச்சம். பாட்டில் ஒன்றுக்கு 250 கிராம், லேபிள் சொன்னபடி. ரிஃப்ராக்டோமீட்டரில் 66.5. பாட்டிலைக் கழுவிக் கொடுத்தது அதே எதிர்வீட்டுப் பெண். கிண்ணத்து ஜாம் அவளுக்குத்தான் போனது. அண்ணி வாயைத் திறந்து மன்னிப்பு கேட்கவில்லை, ஆனால் கிண்ணத்தைத் திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஃபிரிட்ஜ் கதவுத் தாளை அண்ணி கிழிக்கவில்லை. "1 கப் = 250 கிராம்" என்பதற்குப் பக்கத்தில் "கூழ், தண்ணீர், பால் மட்டும்" என்று எழுதி, கீழே "துண்டு 165, சர்க்கரை 200" என்று சேர்த்திருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து டெக்சாஸிலிருந்து மகள் கேட்டாளாம், புது அளவு என்ன என்று. அவளிடம் தராசு கிடையாது. நல்ல மாம்பழமும் கிடையாது, உறையவைத்த துண்டுப் பாக்கெட் இரண்டு இருக்கிறது, ஒவ்வொன்றும் 16 அவுன்ஸ். போனை என்னிடம் நீட்டப் போகிறார் என்று நினைத்தேன். நீட்டவில்லை. பால் கணக்கு எழுதும் காலண்டரின் ஓரத்தில் அண்ணி கணக்குப் போட்டார்: ஒரு பாக்கெட் 454, இரண்டும் சேர்த்து 908, அதற்குச் சர்க்கரை 545 கிராம்.

"பாக்கெட்டை அளக்காத, அப்படியே கொட்டு. அதுலயே எடை போட்டிருக்கான். சர்க்கரை ரெண்டே முக்கால் கப். தலை தட்டிப் போடு."